கண் தெளிவு வேறு, கவனம் வேறு

"கண்புரை அறுவைக்குப் பின் கடைசி வரி வரை வாசிக்கிறார். ஆனால், லஸ் முனையில் பக்கவாட்டில் வந்த இருசக்கர வண்டியை அப்பா கவனிக்கவே இல்லை. பார்த்துப் போகக் கூடாதா?" என்று பிள்ளைகள் எம்மிடம் குறைபட்டுக்கொள்வதுண்டு. அது தந்தையின் அசட்டை அன்று என்பதே எமது விடை.

டச்சு மருத்துவர் ஸ்நெல்லன் 1862இல் வகுத்த எழுத்துப் பலகை, அசையாத எழுத்தை அமைதியான அறையில் காணும் கூர்மையை மட்டுமே அளக்கிறது. சாலையிலோ, நடுவிலும் ஓரத்திலும் ஒரே வேளையில் நிகழ்வனவற்றை மூளை நொடிக்குள் பிரித்தறிய வேண்டும். முதுமையில் அந்த வேகம் குறைகிறது. வேண்டாதவற்றை ஒதுக்கும் திறனும் தளர்கிறது. ரங்கநாதன் தெருவின் பலகைகளும் கூவல்களும் இளையோருக்கு வெறும் பின்னணி; முதியோருக்கோ ஒவ்வொன்றும் கவனத்தில் பங்கு கேட்கும்.

இது முற்றிலும் மாற்றவியலாததன்று. அமெரிக்காவில் 1998இல் தொடங்கிய 'ஆக்டிவ்' ஆய்வில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,800க்கு மேற்பட்டோர் பங்கேற்றனர். காண்பதை விரைந்து உணரும் கணினிப் பயிற்சி பெற்றவர்களிடம் அத்திறன் மேம்பட்டது. பத்தாண்டுகளுக்குப் பின்னும் அப்பயன் தென்பட்டது.

எனினும், அனைத்தையும் வயதின்மேல் சுமத்தலாகாது. கண் அழுத்த நோய் வலியின்றி ஓரப்பார்வையைப் பறிக்கும். அடிக்கடி இடித்துக்கொள்வோருக்கு ஓரப்பார்வைப் பரிசோதனை அவசியம். திடீரென ஒருபுறம் தெரியாமற்போனால் அது பக்கவாதமாகவும் இருக்கலாம். தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

அச்சத்தால் பெரியவர்களை வீட்டிலேயே இருத்திவிடுவதை நாங்கள் ஏற்பதில்லை. கபாலீசுவரர் கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் போய்வருவதும் அவர்களுக்கு மருந்தே. உடன் செல்வோர் சாலையைக் கடக்கையில் பேச்சை நிறுத்துங்கள், அவசரப்படுத்தாதீர்கள், இருபுறமும் தலையைத் திருப்பிப் பார்க்க அவர்களுக்கு நேரம் கொடுங்கள். மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை 2023இல் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதையைப் போன்ற வழி இருக்குமிடத்தில் அதையே நாடுங்கள்.

நகருக்கும் இதில் கடமை உண்டு. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் சாலையைக் கடக்கும் நேரத்தை முதியோரின் நடைக்கு ஏற்பவே வகுக்க வேண்டும் என்பது எம் கருத்து. அதுவரை, வீட்டார் செய்யக்கூடிய முதல் உதவி ஒன்றுண்டு: கடிந்துகொள்வதை விட்டு, கையைப் பிடித்துக்கொள்வது.