திறவுகோலா, கன்னக்கோலா?

ஜூன் மாத மதியம். தில்லியின் ஒரு கடைவீதி. காரை விட்டு இறங்கியவர் பூட்டை அழுத்திக் கதவைச் சாத்திய பிறகுதான், சாவி உள்ளேயே தொங்குவதைப் பார்க்கிறார். வெயில் 42 டிகிரி. பக்கத்துக் கடைக்காரர் கை காட்ட, நடைபாதை ஓரத்தில் மரப்பெட்டியும் அரமுமாக உட்கார்ந்திருந்த சாவிக்காரர் எழுந்து வருகிறார். கதவின் சாவித் துவாரத்தில் ஒரு மெல்லிய கருவியை நுழைக்கிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டு விரல் நுனியால் எதையோ தேடுகிறார். சில நிமிடங்களில் கதவு திறக்கிறது. பேசிய கூலி கை மாறுகிறது. இருவருக்கும் திருப்தி.

இந்திய நகரங்களில் அன்றாடம் நடக்கும் காட்சிதான். இதில் ஒன்று மட்டும் நடக்கவில்லை. ‘இது உங்கள் கார்தானா?’ என்று சாவிக்காரர் கேட்கவில்லை.

தமிழில் உரியவன் கையில் இருப்பது திறவுகோல், திருடன் கையில் இருப்பது கன்னக்கோல். இன்று பேச்சில் புழங்கும் ‘சாவி’ போர்ச்சுக்கீசியர் விட்டுச் சென்ற சொல். தில்லிக்காரர் சொல்லும் ‘சாபி’யும் அதே வழியில் வந்ததுதான். சொல்லில் தெளிவாக இருக்கும் வேறுபாடு கருவியில் இல்லை. வாகனப் பூட்டைத் திறக்கும் கருவி யார் கையில் இருந்தாலும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது.

பூட்டுக்குள் இருப்பது பெரிய மர்மம் அல்ல. ஓர் உருளை, அதில் வரிசையாகச் செருகிய எட்டு அல்லது பத்து மெல்லிய பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி ஸ்பிரிங். சாவி இல்லாதபோது தகடுகள் வெளியே துருத்திக்கொண்டு உருளையைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. சரியான சாவியின் வெட்டுகள் எல்லாத் தகடுகளையும் உருளையின் விளிம்போடு சமன் செய்கின்றன. பூட்டு திரும்புகிறது. தகடுகளின் உயரத்தில் பெரும்பாலும் நான்கைந்து வகைதான் உண்டு. எட்டுத் தகடு, நான்கு உயரம் என்றால் கணக்குப்படி 65,536 விதமான சாவிகள் செய்யலாம். ஆனால் எளிதில் ஏமாறும் வரிசைகளைக் கழித்துவிட்டுப் பல தயாரிப்பாளர்கள் பயன்படுத்துவது சில ஆயிரம் மட்டுமே. ஓடுகிற கார்களோ பல லட்சம். 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரில், தேய்ந்த சாவி ஒன்று இன்னொரு வண்டியையும் திறந்துவிட்டதாக டாக்ஸி ஸ்டாண்டுகளில் கதை சொல்வார்கள். நம்ப முடியாத கதை அல்ல.

சாவி தொலைந்தவருக்குப் புதிய சாவி செய்து தரும் பழைய முறை நடைபாதைக் கலைஞரின் பெருமை. வெட்டில்லாத வெற்றுச் சாவியை நுழைத்து அழுத்தித் திருகுவார். இறுகிய தகடு, சாவியின் மேல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு தடத்தைப் பதிக்கும். அங்கே மட்டும் அரத்தால் ஓர் இழை. மறுபடி நுழைத்தல், மறுபடி தடம், மறுபடி அரம். கண்ணும் பொறுமையும் இல்லாதவருக்கு இது கைவராது. கதவை மட்டும் திறக்க, ஜன்னல் கண்ணாடிக்கும் ரப்பர் பட்டைக்கும் இடையே நீளமான இரும்புத் தகடு விடுவது அந்தக் கால வழி. இன்றைய கதவுக்குள் ஒயர்கள் ஓடுகின்றன. சில கார்களில் ஏர்பேக் உணரியும் இருக்கிறது. தகட்டை விட்டுக் குடைந்தால் திறப்புக் கூலியைவிட ரிப்பேர் செலவு அதிகமாகிவிடும்.

இப்போது பெட்டிக்குள் வந்திருப்பது ‘லிஷி’. சீனாவைச் சேர்ந்த லீ என்ற பூட்டுக் கலைஞரின் பெயரில் உலகெங்கும் அறியப்படும் கருவி இது. ஒவ்வொரு வகைச் சாவித் துவாரத்துக்கும் தனித்தனிக் கருவி உண்டு. இது பூட்டைத் திறப்பதோடு நிற்பதில்லை, படிக்கவும் செய்கிறது. மேல் பகுதியில் பொறித்த அளவுகோலில் ஒரு முள் நகர்ந்து, எத்தனையாவது தகடு எந்த உயரம் என்று காட்டிவிடும். அந்த எண்களை வெட்டும் இயந்திரத்தில் கொடுத்தால் தேயாத, புத்தம் புதிய சாவி தயார். பூட்டைக் கழற்றவேண்டாம், உடைக்கவேண்டாம். ஆண்டுக்கணக்கில் பழகவேண்டிய கைவித்தை சில வாரப் பயிற்சியாகச் சுருங்கிவிட்டது.

உலோகத்தை மட்டும் நம்பிப் பயனில்லை என்பது கார் தயாரிப்பாளர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. 1986இல் அமெரிக்காவின் ஷெவர்லே கொர்வெட் சாவியில் ஒரு மின்தடைத் துணுக்கைப் பதித்தார்கள். அதற்கு இருந்தவை 15 மதிப்புகள்தான். அடுத்து வந்தது சிப். அரிசி மணி அளவில் ஒரு கண்ணாடிக் குழல், அதற்குப் பேட்டரி கூடக் கிடையாது. இக்னிஷனைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளே அதற்கு மின்சாரம் ஊட்டி, ரகசிய எண்ணைக் கேட்கிறது. பதில் சரியில்லை என்றால் இயந்திரம் உயிர் பெறாது. 1998 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார்களுக்கு இது கட்டாயம்.

இதன் அருமை, இது இல்லாத இடத்தில் தெரிந்தது. அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டு மாடல்களில் மற்ற நிறுவனங்களின் கார்களில் 96 சதவிகிதத்தில் சிப் காவல் இருந்தது. ஹூண்டாய், கியா கார்களில் 26 சதவிகிதத்தில் மட்டுமே. 2021 வாக்கில் இதைக் கண்டுகொண்ட விடலைப் பையன்கள் வீடியோ பார்த்தே கார்களைக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

சிப் வந்த பிறகு கருவியும் மாறியது. ஸ்டியரிங்குக்குக் கீழே, மெக்கானிக் கம்ப்யூட்டரை மாட்டிப் பழுது பார்க்கும் ஒரு சாக்கெட் இருக்கிறது. அதில் பலகை போன்ற ஒரு சாதனத்தைச் செருகி, புதிய சாவியைக் காரின் நினைவில் பதிய வைக்கலாம். சாவி தொலைத்தவருக்கு இது வரம். ஆனால் அதே சாதனம் இணையக் கடைகளிலும் கிடைக்கிறது. கண்ணாடியை உடைத்து, இதை மாட்டி, ஓட்டிக்கொண்டு போய்விடுகிற கும்பல்களைத் தில்லி போலீஸ் பலமுறை பிடித்திருக்கிறது. கார், இருசக்கர வண்டி எல்லாம் சேர்த்துத் தலைநகரில் மட்டும் ஆண்டுக்கு 30,000க்கும் மேல் களவு போவதாக 2021, 2022ஆம் ஆண்டுகளின் தேசியக் குற்ற ஆவணக் கணக்கு காட்டுகிறது.

கருவிகளையும் ரகசியங்களையும் மறைத்து வைத்தால் போதாதா? கேள்வி பழையது. 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டுக் கலைஞர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ், திறக்க முடியாது என்று பெயரெடுத்த சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். அறுபது ஆண்டுகளாகக் கடை ஜன்னலில் இருந்து சவால் விட்ட பிராமா பூட்டு, 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் அவர் உழைத்த பிறகு திறந்தது. பரிசு 200 கினி. ‘திருடர்களுக்கு வழி காட்டுகிறார்’ என்று ஊரெல்லாம் பேச்சு. திருடர்களுக்கு இது முன்பே தெரியும், தெரியாதவர் பூட்டு வாங்குபவர்தான் என்பது ஹாப்ஸ் கட்சியின் பதில். 2013இல் லண்டனில் அதே வழக்கு மறுபடியும் வந்தது. கார் சிப் ஒன்றின் பலவீனத்தைக் கண்டுபிடித்த ஆராய்ச்சியாளர்கள் அதை வெளியிடாதபடி ஃபோக்ஸ்வாகன் தடை உத்தரவு வாங்கியது. 2015இல் ஒரே ஒரு வாக்கியத்தை நீக்கிவிட்டுக் கட்டுரை வெளிவந்தது.

மறைப்பதைவிடக் கேட்பதே பயன் தரும். அமெரிக்காவில் வாகன இக்னிஷனுக்கான மாஸ்டர் சாவிகளைத் தபாலில் அனுப்ப 1968இலேயே கட்டுப்பாடு வந்தது. கலிபோர்னியா, டெக்ஸாஸ் போன்ற மாநிலங்களில் பூட்டுத் தொழிலுக்கு உரிமம் வேண்டும். கார்ச் சாவியின் ரகசிய எண்ணைத் தயாரிப்பாளரிடம் பெற, சாவிக்காரர் பதிவு செய்துகொண்டவராக இருக்கவேண்டும். கேட்பவர் காரின் சொந்தக்காரர்தானா என்று பார்த்துப் படிவத்தில் எழுதியும் வைக்கவேண்டும்.

இந்தியாவில் பூட்டுத் தொழிலுக்கென்று நாடு முழுமைக்குமான உரிமச் சட்டம் கிடையாது. ஆனாலும் ஒரு கார் காணாமல் போனால் சந்தேகம் முதலில் போவது நடைபாதை மரப்பெட்டிக்குத்தான். அந்தப் பெட்டிக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. ஆயுதம் செய்தும் சாணை பிடித்தும் வாழ்ந்த சிக்லிகர் சமூகத்தார் பலர், ஆயுதத் தொழில் நலிந்த பிறகு பஞ்சாபிலும் மகாராஷ்டிரத்திலும் பிற மாநிலங்களிலும் பூட்டு, சாவி வேலைக்கு வந்தார்கள். வாளைத் தீட்டிய கைகளின் வாரிசுகள் இன்று சாவியை அராவுகிறார்கள். பலகைச் சாதனம் வாங்க முதல் இல்லாத அவர்களைச் சிப் ஒருபக்கம் ஓரங்கட்டுகிறது. சந்தேகம் மறுபக்கம் நெருக்குகிறது. திருடனோ சாதனத்தை வாங்கிவிடுகிறான்.

அவர்களுக்கு உதவக்கூடியது ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். வண்டி எண், பதிவுச் சான்றிதழ், அடையாள அட்டை, செய்த வேலை, தேதி என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும். சான்றிதழைக் கையில் வைத்திருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. டிஜிலாக்கரில் உள்ள பிரதி 2018 முதல் அசலுக்குச் சமம். ‘ஃபோனும் காருக்குள்தான் இருக்கிறது’ என்றால், கதவைத் திறந்ததும் முதல் வேலையாக அதைப் பார்க்கலாம். கதவு திறப்பதற்கே இவ்வளவு என்றால், வெறுங்கையோடு வந்து புதுச் சாவி கேட்பவரிடம் இரட்டிப்புக் கவனம் தேவை. அந்த நோட்டு போலீஸுக்குத் துப்பு. சாவிக்காரருக்கோ கேடயம்.

கார் வைத்திருப்பவர்களுக்கும் கடமை உண்டு. ஒரு சாவி கையில் இருக்கும்போதே மாற்றுச் சாவி செய்வது மலிவு. எல்லாச் சாவியும் தொலைந்தால் பல நேரங்களில் பூட்டுத் தொகுதியையே மாற்றச் சொல்வார்கள். சாவியோடு வரும் சிறு உலோகத் தகட்டில் எண் இருந்தால், அதை வீட்டில் பத்திரப்படுத்தவேண்டும், காரில் அல்ல. பழைய கார் வாங்குபவர் இரண்டு சாவிகளையும் கேட்டு வாங்கி, மற்றவற்றைக் காரின் நினைவிலிருந்து அழிக்கச் செய்வது நல்லது. கார் திருட்டுப் போனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்பதும் அந்த இரண்டு சாவிகளைத்தான். வெயிலில் பூட்டிய காருக்குள் குழந்தை சிக்கியிருந்தால் மட்டும் எந்தக் கருவிக்கும் காத்திருக்கக்கூடாது. அரை மணி நேரத்தில் உள்ளே 50 டிகிரியைத் தாண்டிவிடும். குழந்தைக்குத் தள்ளியிருக்கும் கண்ணாடியை உடைத்துவிடவேண்டும்.

மற்ற எல்லா நாட்களிலும், கடைவீதிச் சாவிக்காரர் பெட்டியைத் திறக்கும் முன் ‘ஆர்.சி. இருக்கிறதா?’ என்று கேட்டால் கோபப்படத் தேவையில்லை. அப்படிக் கேட்கிறவரிடம்தான் காரை நம்பி விடலாம்.