செந்தார்ப் பைங்கிளி

தை பிறந்து சம்பாக் கதிர் மஞ்சளிக்கும் நாளில், திருவையாற்றுப் பக்கம் ஏதாவது ஒரு வரப்பில் காலை வேளையில் போய் நின்று பாருங்கள். கீச்சென்று இரைந்துகொண்டு பச்சைக் கூட்டமொன்று அம்பு போல் வரும். வயலில் இறங்கியதும் மாயமாய் மறைந்துவிடும். கதிரை அலகால் நறுக்கி மரக்கிளைக்குக் கொண்டுபோய், ஒற்றைக் காலில் பிடித்து, நாலு மணியை உமி நீக்கித் தின்று, மிச்சத்தைக் கீழே போட்டுவிட்டு அடுத்த கதிருக்குக் கிளம்பும். தின்பதைவிடச் சிந்துவது அதிகம்! குடியானவரின் கோபம் நியாயமானதே. குறிஞ்சி நிலத்துப் பெண்கள் தினைப்புனத்தில் பரண் மேலிருந்து கிளி கடிந்த காலம் தொட்டு இந்த வழக்குத் தீரவில்லை. குளிரும் தட்டையும் போய்த் தகர டப்பா வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கழுத்தில் கருப்பும் ரோஜா நிறமும் கலந்த ஆரம் ஆண் கிளிக்கு மட்டுமே உண்டு. அதுவும் ஏறக்குறைய மூன்றாம் வயதில்தான் நிறைவாக வரும். பெண்ணுக்கு நகை கிடையாது. ஆனால் குடும்பத்தில் அதிகாரம் பெரும்பாலும் அவளுடையதே. ஆண் தலை வணங்கி இரை ஊட்டித்தான் அவள் மனத்தைப் பெற வேண்டும். (நகையைப் பற்றி மேலே எழுத எனக்குத் தைரியமில்லை.)

கிளி கூடு கட்டுவதில்லை. மண்டை போன தென்னை, மரங்கொத்தி விட்டுப்போன பொந்து, கோபுரத்து இடுக்கு, எதுவானாலும் சரி. நாலைந்து முட்டை, அடைகாப்பது சுமார் மூன்று வாரம். பிறகு ஏழு வாரம் போல் குஞ்சுகள் பொந்திலேயே வளரும். அந்த ஏழு வாரந்தான் ஆபத்து. மரமேறிப் பொந்தில் கைவிட்டு, இறகு முளைக்குமுன் குஞ்சைக் கவர்ந்து சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், நம் காட்டுக் கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் அடைத்து வளர்ப்பதும் குற்றம். இருந்தும் "அக்கா" சொல்லும் கிளிக்கு ஆசைப்படாத வீடு அபூர்வம்!

இங்கிலாந்திலும் இப்படித்தான் கூண்டில் அடைத்தார்கள். தப்பியவையும் விடப்பட்டவையும் 1969-இல் அங்கே வெளியில் குஞ்சு பொரிக்கத் தொடங்கின. இன்று லண்டன் பூங்காக்களில் ஆயிரக்கணக்கில் பறக்கின்றன. பனி பெய்யும் தேசத்திலேயே பிழைக்கத் தெரிந்த பக்ஷி, காவேரிக் கரையில் நம் கைச் சோற்றுக்கா காத்திருக்கிறது?

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மனமிரங்கிக் கூண்டைத் திறந்துவிட்டார்கள். சிறகு நறுக்கிய கிளி திண்ணை வரைதான் போயிற்று. அதற்குள் காக்கைகள் சூழ்ந்துகொண்டன. அப்படிச் செய்யாதீர்கள். வனத்துறையாரிடம் ஒப்படையுங்கள். இறகு உதிர்ந்து புதிது முளைக்க மாதக் கணக்கில் ஆகும். அதுவரை அவர்கள் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.