எட்டாவது முடிச்சாச்சு... ஒன்பதாவதுக்கு எங்கே?

"தம்பி, ஒன்பதாவதுக்கு முழு ஃபீஸும் கட்டச் சொல்றாங்க. ஆர்.டி.இ-யில சேர்த்தா பன்னெண்டாவது வரைக்கும் ஃப்ரீன்னுதானே சொன்னாங்க?"

ஏப்ரல் கடைசியில் எங்கள் தெரு இஸ்திரி வண்டி அக்கா இப்படிக் கேட்டார். கையில் பள்ளி கொடுத்த கட்டணச் சீட்டு. சட்டைகளை மடித்தபடி பேசினாலும் குரல் உடைந்துபோயிருந்தது. எல்.கே.ஜி-யிலிருந்து பத்து வருடம் மகள் படித்தது ஒரே தனியார் பள்ளி. தோழிகள், டீச்சர், வேன் அண்ணன் எல்லாமே அங்கேதான். எட்டாவதோடு சலுகை முடிகிறது என்று அந்தப் பத்து வருடத்தில் ஒருவர்கூட அவரிடம் சொல்லவில்லை.

கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில் 25 சதவிகித இடங்களில் சேரும் பிள்ளைகளுக்கு அரசு பணம் கட்டுவது எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதிலிருந்து அந்தப் பிள்ளையும் மற்ற பிள்ளைகளைப் போல முழுக் கட்டணம் கட்ட வேண்டும். சில பள்ளிகள் தாங்களாகக் கொஞ்சம் குறைத்துக்கொள்கின்றன, ஆனால் அதற்குக் கட்டாயம் எதுவும் இல்லை. உங்கள் வீட்டில் ஆர்.டி.இ-யில் எட்டாவது படிக்கும் பிள்ளை இருந்தால், பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு பள்ளி அலுவலகத்துக்குப் போய், "ஒன்பதாவதுக்கு எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள். ஏப்ரலில் தெரிந்தால் அதிர்ச்சிதான் மிஞ்சும். ஜனவரியில் தெரிந்தால் யோசிக்க நேரம் இருக்கும்.

பள்ளி மாற்ற முடிவெடுத்தால் அடுத்த பயம் டி.சி. "வேன் ஃபீஸ் பாக்கி இருக்கு, கட்டினாத்தான் டி.சி." என்ற வசனத்தைப் பல வீடுகள் கேட்டிருக்கும். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இதில் தெளிவாகவே சொல்லிவிட்டது. கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவியாக டி.சி-யைப் பயன்படுத்தக் கூடாது, பாக்கி விவரத்தை அதில் எழுதவும் கூடாது. டி.சி. வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். 'எமிஸ்' இணையதளத்தில் உங்கள் பிள்ளையின் பெயரைப் பழைய பள்ளி விடுவித்துப் பொதுத் தொகுப்புக்கு அனுப்பினால்தான் புதிய பள்ளி தன் கணக்கில் சேர்க்க முடியும். காகித டி.சி. கையில் இருந்தும் எமிஸில் பெயர் பழைய பள்ளியிலேயே நின்றுவிட்டால் அங்கும் இங்கும் அலைய வேண்டியிருக்கும். "எமிஸ்ல விடுவிச்சாச்சா சார்?" என்று அங்கேயே நின்று கேட்டுவிட்டு வாருங்கள். மழுப்பினால் பள்ளிக் கல்வித்துறையின் 14417 உதவி எண்ணுக்குப் பேசலாம்.

அக்காவிடம் நான் சொன்ன நல்ல செய்தி ஒன்று உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் நீட்டித்தார்கள். எட்டாவது வரை ஆர்.டி.இ-யில் தனியார் பள்ளியில் படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதில் இடம் உண்டு. கல்லூரியில் படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் புதுமைப் பெண் திட்டத்திலும் இதே ஏற்பாடுதான். ஆனால், ஆர்.டி.இ-யில் படித்ததற்கு ஆதாரம் வேண்டும். நான்கு வருடம் கழித்துப் போய்க் கேட்டால் பழைய பள்ளியில் யார் தேடித் தருவார்கள்? டி.சி. வாங்கும் அன்றே அதையும் எழுதி வாங்கி, ரேஷன் கார்டு இருக்கும் கவரிலேயே வைத்துவிடுங்கள்.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. ஆறிலிருந்து எட்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை, "பத்தாவது பப்ளிக் வருதே" என்று பயந்து ஒன்பதில் தனியாருக்கு மாற்றும் பெற்றோர் நிறைய. மாற்றுவது அவரவர் விருப்பம். ஆனால், அந்தக் கணமே 7.5 ஒதுக்கீடும், மாதம் 1,000 ரூபாயும் கைவிட்டுப் போகின்றன என்று தெரிந்துகொண்டு மாற்றுங்கள்.

48,000 ரூபாய் தேர்வு

அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாவது படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இது. என்.எம்.எம்.எஸ். என்றொரு மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய், நான்கு வருடத்துக்கு 48,000. தமிழ்நாட்டுக்கான ஒதுக்கீடு 6,695 பேர்.

தேர்வு வழக்கமாக ஜனவரி அல்லது பிப்ரவரியில் வரும். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான், கட்டணம் 50 ரூபாய். மனத்திறன் பகுதியில் 90 கேள்வி, பாடப் பகுதியில் 90 கேள்வி. எண் தொடர், படப் புதிர் எல்லாம் வரும் மனத்திறன் பகுதிக்குப் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்காமல் போகவே கூடாது. ஏழாம் வகுப்பில் 55 சதவிகிதம் எடுத்திருக்க வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50. "எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ்தானே" என்று ஏழாவது மார்க்கைக் கண்டுகொள்ளாமல் விட்ட வீடுகளில் இந்த இடத்தில்தான் இடிக்கும்.

ஜெயித்த பிறகும் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு. நடுநிலைப் பள்ளி எட்டோடு முடிந்துவிடும், பிள்ளை ஒன்பதுக்கு வேறு பள்ளிக்குப் போயாக வேண்டும். புதிய தலைமையாசிரியருக்கு இந்தப் பிள்ளை என்.எம்.எம்.எஸ். தேர்வான பிள்ளை என்று தெரியாது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்வதும், ஒவ்வொரு வருடமும் புதுப்பிப்பதும் நடக்க வேண்டும். தவறினால் பணம் வராது. சேர்க்கை நாளன்றே தேர்வு முடிவின் நகலை நீட்டிவிடுங்கள். பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு, அதில் ஆதார் இணைப்பு, ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் ஒரே மாதிரி எழுத்து... இந்த இனிஷியல் சண்டையைத் தீர்க்க மட்டுமே ஒரு மாதம் போய்விடும். அதனால் அரையாண்டு விடுமுறையிலேயே சரிபார்த்துவிடுங்கள். வருமானச் சான்றிதழும் அப்படித்தான், இ-சேவை மையத்தில் கடைசி வாரம் நிற்கிற கூட்டத்தில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

தேர்வானவர் தனியார் சுயநிதிப் பள்ளிக்கு மாறினாலும் உதவித்தொகை நின்றுவிடும். அதையும் நினைவில் வையுங்கள்.

சீருடையும் பஸ்ஸும்

ஒன்பதாவதில் சின்னச் சின்னச் செலவுகள் முளைக்கும். பாடப்புத்தகம் இலவசமாகத் தொடரும், மதிய உணவு பத்தாவது வரை உண்டு. ஆனால், நான்கு செட் இலவசச் சீருடை எட்டோடு நின்றுவிடுகிறது. ஜூனுக்குள் துணி எடுத்துத் தைக்கக் கொடுக்க வேண்டும், பள்ளி திறக்கும் வாரத்தில் டெய்லர் கையில் விழுந்தால் அவ்வளவுதான். பள்ளி தூரமாக இருந்தால் இலவச பஸ் பாஸ் வாங்கலாம். பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எப்போது என்று ஒருமுறை பிள்ளையோடு போய்வந்து பார்த்துவிடுங்கள். ஊருக்கு நாலு மணி பஸ் வராது என்ற ஒரே காரணத்துக்காகப் பெண் பிள்ளையை நிறுத்திய வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு சிக்கல் இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். அதில் உறுப்பினர்களாகப் பாதிக்கு மேல் இருப்பவர்கள் உங்களைப் போன்ற பெற்றோர்தான்.

படிப்பு விஷயம் ஒன்று. ஆல் பாஸ் எட்டு வரைதான். வாசிப்பிலோ, வகுத்தலிலோ தடுமாறும் பிள்ளை ஒன்பதில் திணறிப்போகும். அரசுப் பள்ளிகளில் 2025-26 முதல் 'திறன்' என்ற பெயரில் தமிழ், ஆங்கிலம், கணக்கு அடிப்படைகளைத் தனியாகச் சொல்லித் தருகிறார்கள். "எங்க பையனை அந்த லிஸ்ட்ல போட்டுட்டாங்களே" என்று சண்டைக்குப் போன ஒரு அப்பாவைத் தெரியும். சண்டை போட வேண்டிய விஷயமே இல்லை சார் அது. பிள்ளைக்கு இன்னொரு வாய்ப்பு.

இஸ்திரி அக்கா மகள் விஷயம் கேட்பீர்களே. டி.சி. வந்துவிட்டது, ஆர்.டி.இ. கடிதத்துக்கு மூன்று முறை நடந்தார். இப்போது அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் சேர்க்கை முடிந்திருக்கிறது. நேற்று வண்டி பூட்டியிருந்தது. பஸ் பாஸுக்கு போட்டோ எடுக்க அம்மாவும் பெண்ணும் போயிருப்பதாகப் பக்கத்துக் கடையில் சொன்னார்கள்.