அளந்த கால் அப்படியே இருப்பதில்லை

பொங்கல் விழாவில் மிஞ்சும் பணத்தைச் செயற்கைக்கால் முகாம் ஒன்றுக்கு அளிக்கலாம் என்று நம் சங்கத்தில் பேச்சு நடக்கிறது. நல்ல எண்ணந்தான். ஆனால் "எத்தனை கால் கொடுக்கலாம்?" என்ற கேள்வி ஒன்றே எழுகிறதே, அதுதான் எனக்கு உடன்பாடில்லை.

கட்கியில் என் அறைக்கு அருகே இட்லிக் கடை நடத்தும் திருநெல்வேலி அண்ணாச்சிக்கு, விபத்தொன்றில் முழங்காலுக்குக் கீழே கால் போயிற்று. ஒரு முகாமில் ஒரே நாளில் அளவெடுத்துக் கால் மாட்டினார்கள்; மாலை போட்டுப் படமும் எடுத்தார்கள். ஐந்தாம் மாதம் அந்தக் கால் பரணேறிவிட்டது. கேட்டேன். "குறை சொல்லாதீங்க தம்பி. குடுத்தவங்க நல்லவங்க. எங்காலுதான் மெலிஞ்சு போச்சு" என்றார்.

அவர் சொன்னதுதான் மருத்துவ உண்மை. அறுவைக்குப் பின் எஞ்சிய கால் வீங்கியிருக்கும். நாளாக ஆக வீக்கம் வடியும். வேலை குறைந்த தசை மெலியும். பருமன் ஓரளவு நிலைபெற ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ ஆகலாம். அதன் பிறகும் காலையில் இருந்த பருமன் மாலையில் இராது. முழங்காற் சிப்பிக்குக் கீழுள்ள தசைநாரும் காலின் பக்கங்களும் தாங்க வேண்டிய பாரம், சாக்கெட் தளர்ந்தால் இடம் மாறுகிறது. கால் உள்ளே இறங்குகிறது, எலும்பு முனை இடிபடுகிறது, தோல் புண்ணாகிறது. நீரிழிவுக்காரருக்கு அந்தச் சிறு புண்ணே மீண்டும் கத்தியிடம் கொண்டுபோய் விடக்கூடும்.

பரிகாரம் மலையைப் புரட்டும் வேலையன்று. தொடக்கத்தில் எலாஸ்டிக் கட்டு. தளர்ந்தால் ஒன்றிரண்டு உறை கூடுதல். உறைகள் மிகுந்துபோனால் புதிய சாக்கெட். பாதம் பழையதே இருக்கலாம்.

1981இல் திருச்சி அருகே விபத்துக்குள்ளாகிக் காலை இழந்த சுதா சந்திரன், ஜெய்ப்பூர்க் காலுடன் 1984இல் மீண்டும் ஆடினார். மேடையைப் பார்த்துக் கைதட்டுகிறோம். இடைப்பட்ட ஆண்டுகளை யார் எண்ணினோம்?

படைவீரர்க்கென 1944இல் தொடங்கிய செயற்கை உறுப்பு மையம் இதே புனேயில் இருக்கிறது. பொதுமக்களுக்கும் அங்கே இடமுண்டு. ஆனால் ஒரு நாள் போனால் ஒரு நாள் வியாபாரம் போகும் மனிதர், நான்கு முறை எப்படிப் போவார்? ஆகவே, பத்துக் கால் கொடுக்க நினைத்தால் ஐந்தே கொடுப்போம். மீதிப் பணம் பயணச் செலவுக்கும் உறைக்கும் இரண்டாம் சாக்கெட்டுக்கும் ஆகட்டும். படம் எடுக்க வாய்ப்புக் குறையும், அவ்வளவுதான்.

அடுத்த செயற்குழுவில் இதை முன்மொழியப் போகிறேன். அதற்குமுன் திங்கட்கிழமை அண்ணாச்சியை அழைத்துப் போக வேண்டும். பரணிலிருந்து காலை இறக்கித் துடைத்து வைத்தாயிற்று. அன்று காலை கடையைப் பார்த்துக்கொள்ள இருவர் தேவை.