பிணத்தைச் சுற்றி எழும் சிரிப்பு

‘ஜானே பீ தோ யாரோ’ வெளியாகி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 1983 ஆகஸ்டில் திரைக்கு வந்தபோது அதைத் தேடிச் சென்று பார்த்தவர்கள் குறைவு. பின்னர் தூர்தர்ஷன் வழியாக வீடுகளுக்குள் நுழைந்து, இந்தியாவின் மிகச் சிறந்த நகைச்சுவைப் படம் என்னும் பெயரை அது பெற்றது. இடதுசாரிக் கலை அமைப்புகளின் திரையிடல்களில் இன்றும் அதற்கு இடமுண்டு. அவ்வாறு திரையிடப்படும் இடங்களில் அண்மைக் காலமாக ஒரு கருத்து வேறுபாடும் தலைகாட்டுகிறது. மூத்த தோழர்கள் விலா நோகச் சிரிக்கும் காட்சிகளில் இளையோர் அமைதியாக உட்கார்ந்திருக்கின்றனர். படம் முடிந்தபின் “இதில் சிரிக்க என்ன இருக்கிறது?” என்று கேட்கின்றனர். நகைச்சுவை உணர்வு இல்லாத தலைமுறை என்று சொல்லி இக்கேள்வியைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் கேள்வி கனமானது.

கதை பலரும் அறிந்ததே. பம்பாயில் புகைப்பட நிலையம் திறந்து, வாடிக்கையாளர் எவரும் வராமல் திண்டாடும் இரு இளைஞர்கள். நசிருதீன் ஷாவும் ரவி பாஸ்வானியும் அப்பாத்திரங்களை ஏற்றிருந்தனர். ஊழலை அம்பலப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்ளும் பத்திரிகை ஒன்றின் ஆசிரியை அவர்களுக்கு வேலை தருகிறார். ஒப்பந்தங்களுக்காக மோதிக்கொள்ளும் இரு கட்டுமான முதலாளிகள், இருவரிடமும் கை நீட்டும் மாநகராட்சி ஆணையர் டி’மெல்லோ ஆகியோரைப் படமெடுப்பதே அந்த வேலை. பூங்காவில் எடுத்த ஒரு புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது அதில் ஒரு கொலை பதிவாகியிருப்பது தெரிகிறது. கொல்லப்பட்டவர் ஆணையர். அவர் நினைவாகத் திறக்கப்படும் மேம்பாலம் இடிந்து விழுகிறது. சவப்பெட்டியுடன் ஆணையரின் பிணம் நகரெங்கும் அலைகிறது. இறுதியில் பத்திரிகை ஆசிரியை, முதலாளிகள், புதிய ஆணையர் ஆகிய அனைவரும் சமரசத்துக்கு வந்துவிட, பாலத்தை இடித்த பழி இரு புகைப்படக்காரர்கள் மீது விழுகிறது.

தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பணத்தில், ஏறத்தாழ 7 இலட்சம் ரூபாயில், இப்படம் எடுக்கப்பட்டது. இயக்குநர் குந்தன் ஷா புனே திரைப்படக் கல்லூரியில் பயின்றவர். இதுவே அவருடைய முதல் முழுநீளப் படம். அரசின் பணத்தைக் கொண்டு அரசு நிர்வாகத்தையே கேலி செய்த படம் இது. இத்தகைய படத்துக்கு இன்று பொதுத்துறை நிறுவனம் எதுவும் பணம் தருமா என்று ஐயுறுவதற்குக் காரணங்கள் உண்டு.

படத்தை மறுப்போர் முன்வைக்கும் வாதங்கள் ஒரே தரத்தவை அல்ல. சில எளிதில் விடை காணக்கூடியவை. முதல் அரைமணி நேரம் நொண்டுகிறது, தொலைபேசிக் காட்சி தேவைக்கு மேல் நீள்கிறது என்பவை ரசனை சார்ந்தவை; அவற்றில் உண்மையும் உண்டு. இந்தி தெரியாதவர்களுக்குப் பாதிச் சிரிப்பு கிட்டாமல் போகிறது என்பதும் சரியே. புகழ்பெற்ற மகாபாரத நாடகக் காட்சியின் பெரும்பகுதி, பழைய மேடை நாடகங்களின் தூய வடமொழிச் சொற்களும் முகலாய அரசவை உருதும் ஒரே மேடையில் மோதிக்கொள்வதில் அடங்கியிருக்கிறது. துணைத்தலைப்புகளில் அது வராது. திரௌபதிக்கு உரிய மேடையில் அக்பரும் சலீமும் நுழைவதைக் கண்டு சிரிக்கலாம். அவர்கள் பேசும் மொழிக்குச் சிரிக்க வேண்டுமானால் அம்மொழி தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் காட்சியைப் பற்றியே பெண் தோழர்கள் சிலர் எழுப்பும் எதிர்ப்பு இன்னும் ஆழமானது. துகிலுரிதல் என்பது சபை நடுவே ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமை. அதை வைத்து வேடிக்கை செய்வது எப்படித் தகும்? காட்சியைக் கூர்ந்து நோக்கினால், கேலி அங்கே திரௌபதியின் மீது விழவில்லை என்பது தெரியும். சேலைக்குள் இருப்பது ஊழல் ஆணையரின் பிணம். சேலை உரியப்பட்டால் அகப்பட்டுக்கொள்வது நகரின் மொத்த ஒப்பந்த முறைகேடும். அதனால்தான் துரியோதனனே துகிலுரிதலைத் தடுக்க வேண்டியவனாகிறான். பார்வையற்ற அரசன் என்ன நடக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு புராணக் காட்சியைத் தலைகீழாக்கி, அதிகாரத்தில் இருப்பவர்கள் எதை மூடி வைக்கத் துடிக்கிறார்கள் என்று காட்டுவது நல்ல அங்கதத்தின் வேலை. இந்த எதிர்ப்பு புரிந்துகொள்ளத்தக்கது. ஆயினும் இக்காட்சிக்கு அது பொருந்தவில்லை.

வேறோர் இடத்தில் அதே எதிர்ப்பு வலுவாகப் பொருந்துகிறது. அமெரிக்கா சென்று திரும்பும் டி’மெல்லோ அந்நாட்டுச் சாக்கடைகளை வியந்து பேசுகிறார். அங்கே குடிநீரும் சாக்கடை நீரும் தனித்தனியே ஓடுவதைப் பேரதிசயமாகச் சொல்கிறார். அரங்கு அதிரும் காட்சி இது. ஆணையரின் அறியாமையும், நகர மக்களுக்குச் சுத்தமான குடிநீர்கூடக் கிடைக்காத நிலையும் ஒரே அடியில் அம்பலமாகின்றன. ஆனால் அந்தச் சாக்கடைக்குள் இறங்கி அடைப்பு நீக்கும் மனிதர் படத்தில் எங்கும் இல்லை. மனிதர் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 2013 இல் சட்டம் வந்த பின்னரும் கழிவுநீர்த் தொட்டிகளில் தலித் தொழிலாளர்கள் மூச்சுத்திணறி மடிந்துகொண்டிருக்கும் நாட்டில், இன்றைய இளைஞர் ஒருவருக்கு அந்த இடத்தில் சிரிப்பு வராமல் போனால் அவரைக் குறைசொல்ல இயலாது. சாக்கடையை ஒரு சொல்லாகவே படம் பார்த்தது. அங்கே வேலை செய்வோரை அது பார்க்கவில்லை.

இதிலிருந்தே முதன்மையான குற்றச்சாட்டு எழுகிறது. இது அவநம்பிக்கையின் படம். ஊழலை எதிர்ப்பவர்களாக இரு அப்பாவித் தனிமனிதர்களை மட்டும் நிறுத்தி, அமைப்பாகத் திரண்ட மக்களை மறைத்துவிட்ட படம் என்பதே அது. காலத்தை நினைவில் கொண்டால் இதன் கூர்மை விளங்கும். 1982 சனவரியில் சிமெண்ட் ஒதுக்கீட்டு ஊழல் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து மகாராஷ்டிர முதலமைச்சர் ஏ.ஆர். அந்துலே பதவி விலகினார். அறக்கட்டளைக்குக் கட்டுமான முதலாளிகள் அளித்த நன்கொடைகளும் அவர்களுக்குக் கிடைத்த சிமெண்டும் அன்று நாடெங்கும் பேசப்பட்டன. அதே மாதம் 18 ஆம் நாள் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் சுமார் இரண்டரை இலட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சிமெண்ட் ஊழலின் வாடை படம் முழுக்க வீசுகிறது. பஞ்சாலை வேலைநிறுத்தம் அதில் இல்லை.

முற்றிலும் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ஆல்பர்ட் பிண்டோவுக்கு ஏன் கோபம் வருகிறது என்ற கேள்வியே படத்தில் இரகசியச் சங்கேதச் சொல்லாகப் பயன்படுகிறது. 1980 இல் சயீத் மிர்சா இயக்கிய திரைப்படத்தின் தலைப்பு அது. மில் தொழிலாளி ஒருவரின் மகன் தன் கோபத்தின் உண்மையான இலக்கை மெல்ல மெல்ல உணர்ந்துகொள்ளும் கதை; அதிலும் நடித்தவர் நசிருதீன் ஷாவே. ஒரு தலைமுறையின் வர்க்கக் கோபம், மூன்றே ஆண்டுகளில், துப்பறியும் விளையாட்டின் கடவுச்சொல்லாகச் சுருங்கிவிட்டது. இதை நண்பர்களுக்கிடையிலான கேலி என்று கொள்வோரும் உண்டு. சரணாகதி என்று கொள்வோரும் உண்டு.

சரணாகதி என்போர் ஒன்றைக் கவனிக்கத் தவறுகின்றனர். அந்த மாபெரும் வேலைநிறுத்தத்தின் முடிவு என்னவாயிற்று? ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆலைகள் நின்றிருந்த ஏறத்தாழ 600 ஏக்கர் நிலம் நகரின் நடுவே பொன்விளையும் பூமியாயிற்று. நெசவில் ஈட்டியதைவிட நிலத்தில் ஈட்டலாம் என்று கண்டுகொண்ட ஆலை முதலாளிகள் கட்டுமான முதலாளிகளாக மாறினர். பீனிக்ஸ் ஆலை பேரங்காடியாயிற்று. 1991 இல் வகுக்கப்பட்ட வளர்ச்சி விதிகள் 2001 இல் முதலாளிகளுக்குச் சாதகமாகத் திருத்தப்பட்டன. 2006 இல் உச்ச நீதிமன்றமும் அத்திருத்தத்தை ஏற்றது. தொழிற்சங்கங்கள் ஆலை முதலாளியை எதிரியாகக் கண்டு போராடிக்கொண்டிருந்தபோது, நகரத்தை விழுங்கப்போகிறவன் யார் என்பதை இந்தக் கோமாளிப் படம் கண்டுகொண்டிருந்தது: ஒப்பந்தக்காரன், மனை வணிகன், அவனிடம் கை நீட்டும் அதிகாரி, இருவரையும் மிரட்டிப் பணம் பறிக்கும் ஊடகம். நான்கும் சேர்ந்த கூட்டணியை 1983 இலேயே சரியாக வரைந்து காட்டிய வேறு இந்தியத் திரைப்படத்தைச் சொல்வது அரிது. தொழிலாளி இல்லை என்பது படத்தின் குறை. எதிரியை அடையாளம் கண்டது அதன் பலம். முன்னதைச் சுட்டிப் பின்னதை மறுப்பது நியாயமன்று.

சிரிப்பு ஏன் சிலருக்கு வரவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது அவர்களின் குறையன்று, படத்தினுடையதும் அன்று. திரையில் மிகையாகத் தோன்றியவை நாட்டில் செய்தியாகிவிட்டன. 2016 மார்ச் 31 அன்று கொல்கத்தாவின் விவேகானந்தா சாலையில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த மேம்பாலம் இடிந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அதைக் கடவுளின் செயல் என்றார் கட்டுமான நிறுவனத்தின் அதிகாரி. குந்தன் ஷா எழுதியிருந்தால் மிகையென்று வெட்டப்பட்டிருக்கும் வசனம். (அந்த ஒப்பந்தம் 2009 இல், இடது முன்னணி ஆட்சிக் காலத்தில் அளிக்கப்பட்டது, திரிணாமூல் சொல்லக் காத்திராமல் கட்சி ஊழியர்களே அதை விவாதிப்பது நல்லது.) பீகாரில் 2024 இல் சில வாரங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பாலங்கள் வீழ்ந்தன. பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர்.

குஜராத்தின் மோர்பியில் நடந்ததோ படத்தின் இறுதிக் காட்சியையே நினைவூட்டுகிறது. பழுது பார்க்கப்பட்டு 2022 அக்டோபர் 26 அன்று திறக்கப்பட்ட தொங்குபாலம் நான்கே நாட்களில் அறுந்து விழுந்தது. மச்சு ஆற்றில் 135 பேர் மாண்டனர். அதைப் பராமரிக்கும் பொறுப்பு கடிகாரம் தயாரித்துப் பெயர்பெற்ற ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. முதலில் கைதான ஒன்பது பேரில் நுழைவுச்சீட்டு விற்றவர்களும் காவலாளிகளும் இருந்தனர். நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் நீதிமன்றத்தில் சரணடைந்தது மூன்று மாதங்களுக்குப் பின், 2023 சனவரி இறுதியில். நுழைவுச்சீட்டு விற்றவர் சிறைக்குச் செல்ல, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் வெளியே இருந்த அந்த மூன்று மாதங்களை அறிந்த ஒருவர், திரையில் இரு புகைப்படக்காரர்கள் மீது பழி சுமத்தப்படுவதைக் கண்டு எப்படிச் சிரிப்பார்?

உண்மையில் அந்த இடத்தில் சிரிக்குமாறு படமும் கேட்கவில்லை. விலா நோகச் சிரித்த மூத்த தோழர்கள் பலரும் நினைவில் கொண்டிருப்பது மகாபாரதக் காட்சியை. அதற்குப் பின் வரும் சில நிமிடங்களை அவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. கைதி உடையில் இரு நண்பர்களும் பம்பாய்த் தெருவில் நடந்து வருகின்றனர். கழுத்து அறுபட்டது என்று கையால் சைகை காட்டுகின்றனர். பின்னணியில் ‘ஹம் ஹோங்கே காம்யாப்’ ஒலிக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டப் பாடலின் இந்தி வடிவம் அது. இடதுசாரிப் பேரணிகளில் தோள்சேர்த்துப் பாடப்படுவது. படத்தின் முற்பகுதியில் அந்த இருவரே நம்பிக்கையோடு பாடியது. அவநம்பிக்கைக் குற்றச்சாட்டு இந்த முடிவையே தன் வலுவான சான்றாகக் காட்டுகிறது. போராடும் மக்களின் பாட்டை நையாண்டிக்குள்ளாக்கிவிட்டார் இயக்குநர் என்று தோழர்கள் சிலர் உண்மையாகவே மனம் நொந்திருக்கின்றனர்.

அந்த மன வருத்தம் மதிப்புக்குரியது. ஆயினும் நையாண்டி பாடலின் மீது விழுகிறதா, அதைப் பாடிக்கொண்டே தனியாக நடந்த இருவர் மீது விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அவர்களுக்குச் சங்கம் இல்லை, கூட்டாளிகள் இல்லை. நேர்மை உண்டு, சாட்சியமாக ஒரு புகைப்படம் உண்டு. சாட்சியத்தைப் பத்திரிகையிடம் கொடுத்தால் உண்மை வெல்லும் என்று நம்பினர். அந்த நம்பிக்கையின் கழுத்துதான் அறுபடுகிறது. தொழிலாளி இல்லாத படம் என்ற குற்றச்சாட்டைச் சொல்பவர்கள், தொழிலாளி இல்லாததால் என்ன நேர்கிறது என்பதைப் படமே காட்டி முடிப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படம் இதைத் திட்டமிட்டுச் செய்ததா என்பது வேறு. பெரும்பாலும் இல்லை என்றே கொள்ளலாம்.

தம் படத்தைப் போல் குந்தன் ஷா விட்டுத்தள்ளிவிட்டுப் போனவர் அல்லர். 2015 இல் புனே திரைப்படக் கல்லூரியின் தலைவராகக் கஜேந்திர சௌகான் நியமிக்கப்பட்டதை எதிர்த்து மாணவர்கள் நெடிய வேலைநிறுத்தம் நடத்தினர். தொலைக்காட்சி மகாபாரதத்தில் தருமராக நடித்தவர் அவர். மேடையில் மகாபாரதத்தைத் தலைகீழாக்கிய இயக்குநர், இப்படத்துக்காகத் தமக்குக் கிடைத்த தேசிய விருதை அந்த மாணவர்களுக்கு ஆதரவாகத் திருப்பி அளித்தார். 2017 அக்டோபரில் காலமானார். 2021 சனவரி முதல் நாள் இந்தூரில் நகைச்சுவைக் கலைஞர் முனவர் பரூக்கி, மேடையில் சொல்லாத நகைச்சுவைக்காகக் கைது செய்யப்பட்டு ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்ததை அவர் பார்க்கவில்லை. திரௌபதி வேடத்தில் ஒரு பிணத்தை மேடையேற்றும் காட்சியை இன்று எவரேனும் எடுத்தால் எத்தனை காவல் நிலையங்களில் புகார் பதிவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மகாபாரதக் காட்சியை மட்டும் வெட்டியெடுத்துச் சுற்றுக்கு விடுவது இப்போது பெருவழக்காகிவிட்டது. பத்து நிமிடச் சிரிப்பாகப் பார்ப்பவர்களுக்கு அது வெறும் கூத்தாகவே தெரியும். சிரிப்பு வரவில்லை என்ற முறையீட்டில் பாதி அங்கிருந்தே வருகிறது. கிளைகளிலும் வாசகர் வட்டங்களிலும் படத்தைத் திரையிடுவோர் முழுப் படத்தையும் காட்டட்டும். பாடல் ஒலித்து முடியும் வரை விளக்குகளைப் போட வேண்டாம். அதன் பிறகு சிரித்தவர்களும் சிரிக்காதவர்களும் பேசட்டும்.