பிடிஎஃப் இருக்கு, சரி. யார் படிக்கப் போறாங்க?



இந்த வார எபிசோடில் நல்ல டேட்டாபேஸ் எப்படி இருக்கணும் என்று பேசினோம். வங்கி, மருத்துவமனை, சூப்பர்மார்க்கெட் எல்லாம் வந்தது. இன்னொன்றை இந்தக் கடிதத்துக்கென்றே எடுத்து வைத்திருந்தேன்: பல்கலைக்கழக ஆய்வகத்தின் ரசாயனப் பட்டியல். வங்கி டேட்டாபேஸில் ஒரு வரி தப்பினால் காசு போகும். இதில் ஒரு வரி தப்பினால் ஆளே போகலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். ரசாயனத் தகவலைச் சேர்த்து வைப்பது ஒரு வேலை, கொண்டு சேர்ப்பது இன்னொரு வேலை. பெரும்பாலான நிறுவனங்கள் முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டாவதும் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கின்றன. பாட்டிலைக் கையில் பிடித்திருப்பவரிடம் போய்ச் சேராத தகவல், எவ்வளவு அழகான சாஃப்ட்வேரில் இருந்தாலும், இல்லாததுக்குச் சமம்.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். ஒவ்வொரு ஆபத்தான ரசாயனத்துக்கும் எஸ்டிஎஸ் என்று ஒரு பாதுகாப்புத் தகவல் தாள் உண்டு. உலகம் முழுக்க ஒரே அமைப்பு, 16 பகுதிகள். 2-ஆம் பகுதி என்ன ஆபத்து என்று சொல்லும். 4 முதலுதவி. 7 எப்படிக் கையாள்வது, எங்கே வைப்பது. 8 என்ன கையுறை, என்ன கண்ணாடி. 10 எதோடு சேரக் கூடாது. நல்ல அமைப்புதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா பத்துப் பதினைந்து பக்கம் ஓடும். மாலை ஆறு மணிக்கு, சூப்பர்வைசர் வீட்டுக்குப் போன பிறகு, கடைசி டிரெயினுக்குள் பரிசோதனையை முடிக்கணும் என்று நிற்கிற மாணவர் அதைப் படிப்பாரா? நேர்மையா யோசிச்சுப் பாருங்க.

தகவல் இருந்தது, ஆனாலும்...

"விஷயம் தெரியாததால் விபத்து" என்று சொல்வது சுலபம். பிரபலமான பல்கலைக்கழக விபத்துகளை எடுத்துப் பாருங்க, அங்கே பெரும்பாலும் தகவல் இருந்திருக்கிறது. தவறான இடத்தில் இருந்திருக்கிறது.

2008 டிசம்பர் 29. லாஸ் ஏஞ்சலிஸில் யூசிஎல்ஏ பல்கலைக்கழகம். ஷெரி சாங்ஜி என்ற 23 வயது ஆராய்ச்சி உதவியாளர், காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தைச் சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தார். சிரிஞ்சின் தண்டு கழன்று வந்தது, திரவம் வெளியே வந்து எரிந்தது. அவர் லேப் கோட் போடவில்லை. போட்டிருந்த செயற்கை இழை ஸ்வெட்டர் தீயை இன்னும் மோசமாக்கியது. 18 நாள் கழித்து, 2009 ஜனவரி 16 அன்று இறந்தார். இதில் மனசை உறுத்துவது என்ன தெரியுமா? அந்த ஆய்வகத்தில் ஆட்கள் கோட் போடாமல் வேலை செய்கிறார்கள் என்பது அதற்கு இரண்டு மாதம் முன் நடந்த பல்கலைக்கழகத்தின் சொந்தச் சோதனையிலேயே பதிவாகியிருந்தது. எழுதி வைத்தார்கள். திருத்தவில்லை. கலிபோர்னியாவின் தொழில் பாதுகாப்புத் துறை போட்ட அபராதம் 31,875 டாலர். பின்னர் அந்த ஆய்வகத்தின் பேராசிரியர் மேலேயே கிரிமினல் வழக்கு வந்தது.

அடுத்தது 2010 ஜனவரி, டெக்சஸ் டெக் பல்கலைக்கழகம். வெடிக்கும் தன்மையுள்ள நிக்கல் ஹைட்ரசின் பெர்குளோரேட் என்ற சேர்மத்தைத் தயாரிக்கும் ஆராய்ச்சி. ஒரு நேரத்தில் 100 மில்லிகிராமுக்கு மேல் செய்யக் கூடாது என்று குழுவில் ஒரு வரம்பு இருந்தது. ஆனால் அது வாய்ப்பேச்சில் மட்டும் இருந்த வரம்பு. ஒரு மாணவர் சுமார் 10 கிராம் செய்தார், அதாவது நூறு மடங்கு. அதை அரைக்கும்போது வெடித்தது, மூன்று விரல்களை இழந்தார். அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து அறிக்கை எழுதியது. அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: "எல்லாருக்கும் தெரியும்" என்பது ஒரு ஆவணம் இல்லை. போன வருஷம் சேர்ந்தவருக்குச் சொன்னது இந்த வருஷம் சேர்ந்தவருக்குத் தானாகப் போய்ச் சேராது.

மூன்றாவது கதை வேற மாதிரி. டார்ட்மத் கல்லூரியின் கேரன் வெட்டர்ஹான், நச்சு உலோகங்களைப் பற்றி ஆராய்ந்த பெயர்பெற்ற வேதியியலாளர். 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்குரியின் சில துளிகள் அவருடைய லேடெக்ஸ் கையுறை மேல் விழுந்தன. அன்றைக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கைகளை அவர் கடைப்பிடித்தவர்தான். அந்தத் திரவம் லேடெக்ஸை சில விநாடிகளிலேயே கடந்துவிடும் என்பது பிறகு சோதித்தபோதுதான் தெரிந்தது. 1997 ஜூனில் இறந்தார். ஆக, தாளும் தப்பா இருக்கலாம். இன்றைக்குச் சரியான தாள் நாளைக்குப் பழசாகலாம். "ஒரு தடவை டவுன்லோட் பண்ணி ஃபோல்டரில் போட்டாச்சு" என்பது வேலை முடிந்ததுக்கு அடையாளம் இல்லை.

ஐஸ்கிரீம் டப்பா பிரச்சினை

நம்ம வீட்டு ஃப்ரீசரைத் திறங்க. டிப் டாப் ஐஸ்கிரீம் டப்பா இருக்கும். ஆசையா மூடியைத் திறந்தா உள்ளே மீன் குழம்பு. மைலோ டின்னில் மல்லித்தூள். அம்மாவுக்கு எது எதில் இருக்கிறது என்று மனப்பாடம், அதனால் வீடு ஓடுது. அம்மா ரெண்டு வாரம் ஊருக்குப் போனாங்கன்னா அவ்வளவுதான், சமையலறையே புதிர்.

ஆய்வகத்திலும் இதே கதைதான், ஆனா விளைவு குழம்பு இல்லை. பெரிய பாட்டிலிலிருந்து சின்ன பாட்டிலுக்கு ஊற்றுவார்கள். மார்க்கர் பேனாவால் ரெண்டு எழுத்து, ஒரு நோட்டுப் புத்தகப் பக்க எண். எழுதியவருக்குப் புரியும். அவர் பிஎச்டி முடித்து மெல்பர்னுக்கு வேலைக்குப் போய்விடுவார். பாட்டில் இங்கேயே இருக்கும்.

இன்னொரு நுணுக்கமும் இதில் இருக்கு. எஸ்டிஎஸ் பொருளைப் பற்றிச் சொல்லும், உங்க கையில் இருக்கும் பாட்டிலைப் பற்றிச் சொல்லாது. டைஎத்தில் ஈதர் காற்றோடு சேர்ந்து நாளாக நாளாகப் பெராக்சைடு உருவாக்கும். ரொம்பப் பழசானால் மூடியைத் திருகும்போதே வெடிக்கலாம். பிக்ரிக் அமிலம் ஈரமா இருக்கும்வரை ஓரளவு சாது, காய்ந்துவிட்டால் வெடிபொருள். ஆக இங்கே உயிர் காக்கும் தகவல் 16 பகுதி தாளில் இல்லை. "எப்போது திறந்தது?" என்ற ஒரே ஒரு தேதியில் இருக்கு. அந்தத் தேதியைப் பாட்டில் மேல் எழுத ஒரு பேனா போதும். எழுதும் பழக்கத்தை எந்த சாஃப்ட்வேரும் விற்காது.

வெளியே நிற்பவருக்கு என்ன தெரியும்?

ஆக்லாந்திலிருந்து தெற்கே போய் ஹாமில்டனைத் தாண்டியதும் தமாஹெரே வரும். 2008 ஏப்ரல் 5 அன்று அங்கே ஒரு குளிர்பதனக் கிடங்கில் அலாரம் அடித்தது. எட்டு தீயணைப்பு வீரர்கள் போனார்கள். அங்கே குளிரூட்டியாக ஓடிக்கொண்டிருந்தது பெரும்பாலும் புரொப்பேன், தீப்பிடிக்கும் வாயு. போனவர்களுக்கு அது தெரியாது, எச்சரிக்கும் பலகை இல்லை. வெடித்தது. டெரெக் லவெல் என்ற மூத்த அதிகாரி உயிரிழந்தார், மற்ற ஏழு பேரும் காயமடைந்தார்கள். அது பல்கலைக்கழகம் இல்லைதான். ஆனால் கேள்வி ஒன்றுதான்: உள்ளே என்ன இருக்கு என்பது உள்ளே இருப்பவருக்கு மட்டும் தெரிந்தால் போதுமா?

போதாது என்று நியூசிலாந்து சட்டமே சொல்லுது. 2017 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள ஆபத்தான பொருள்கள் பற்றிய ஒழுங்குவிதிகளின்படி, அப்படிப்பட்ட பொருள் வைத்திருக்கும் ஒவ்வொரு வேலையிடமும் ஒரு பட்டியல் வைத்திருக்கணும். என்ன பொருள், அதிகபட்சம் எவ்வளவு, எங்கே இருக்கு. கட்டடத்திலிருந்து எல்லாரும் வெளியேறிய பிறகும் அந்தப் பட்டியல் தீயணைப்பு வீரர் கைக்குக் கிடைக்கணும். இந்தக் கடைசி நிபந்தனையை நம்ம பாஷையில் சொன்னா: கரண்ட் போயிருக்கலாம், வைஃபை இருக்காது, லாகின் தெரிஞ்ச ஆள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நடுங்கிக்கிட்டு நிற்கலாம். அப்பவும் பட்டியல் வரணும். தண்ணீர் பட்டால் கொந்தளிக்கும் சோடியம் எந்த அறையில் இருக்கிறது என்று தெரியாமல் தண்ணீர் அடிக்க முடியுமா?

எங்கோ ஒரு கோப்பில் இருப்பது என்றால் என்ன என்பதற்கு நம்ம ஊர் உதாரணமும் உண்டு. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. அடுத்த சில நாட்களில்தான் சென்னை மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் சுமார் 700 டன் அதே பொருள் கிடப்பது செய்தியாச்சு. 2015-இல் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. ஐந்து வருஷம் அங்கேயே இருந்தது. சுங்கத்துறைக்குத் தெரியாமல் இல்லை. சுற்றி வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியாது. செய்தி வெளியே வந்ததும் அதே மாதத்தில் ஹைதராபாத்துக்குக் கொண்டுபோக ஆரம்பித்துவிட்டார்கள். அஞ்சு வருஷம் நகராதது, எல்லாருக்கும் தெரிந்ததும் நகர்ந்தது.

மனுரேவாவுக்கும் இதுக்கும் என்ன?

நிறைய இருக்கு. நம்மில் பலர் மனுரேவாவில் சதர்ன் லைன் ஏறி நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறோம். விடுமுறையில் பக்கத்து வீரியில் கிடங்கு வேலை. அங்கேயே எரிபொருள் முனையமும் இருக்கு. நம் அப்பா அம்மா தலைமுறையில் அலுவலகங்களையும் ஆய்வகங்களையும் இரவில் துடைத்தவர்கள், காவல் காத்தவர்கள் எத்தனை பேர் என்று உங்க குடும்பத்து வாட்ஸ்அப் குழுவிலேயே கேட்டுப் பாருங்க.

அதனால் ஒரு பல்கலைக்கழகம் "எங்களிடம் முழுமையான ரசாயன மேலாண்மை அமைப்பு இருக்கு" என்று சொன்னால், நான் மூன்று பேரை வைத்துச் சோதிப்பேன். முதல் வாரத்து மாணவர். இரவு துப்புரவுப் பணியாளர். விடிகாலை இரண்டு மணிக்கு வாசலில் நிற்கும் தீயணைப்பு வீரர். மூவருக்கும் ஒரு நிமிஷத்துக்குள், புரியும் மொழியில், தேவையானது கிடைக்குதா? துப்புரவு செய்யும் அக்கா மேசையில் சிந்தியிருப்பதைத் தண்ணீர் என்று நினைத்துத் துடைத்தால் என்ன ஆகும்? ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் நீர்த்த நிலையில் பட்டால் உடனே வலிக்காமலே போகலாம், ஆனால் உள்ளே இறங்கி எலும்பு வரை அரிக்கும். அதற்குக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் வேணும். அது எந்த அலமாரியில் இருக்கு என்பது பேராசிரியருக்கு மட்டும் தெரிந்தால் பயனில்லை.

"இதெல்லாம் ஓவர்" என்பவர்களுக்கு

எதிர்வாதம் எனக்குத் தெரியும். ஏற்கெனவே ஃபார்ம் மேல ஃபார்ம், இதுக்கு மேலயும் சேர்த்தா ஆராய்ச்சி எப்ப நடக்கும்? நியாயமான கேள்வி. சிறு அளவில் நடக்கும் ஆராய்ச்சிக்குச் சட்டமும் இதனால்தான் சில விலக்குகள் கொடுத்து, ஆய்வகங்களுக்குத் தனி விதிகள் வைத்திருக்கிறது. நான் கேட்பதும் கூடுதல் காகிதம் இல்லை. ஒவ்வொரு ரசாயனத்துக்கும் 30 பக்க இடர் மதிப்பீட்டைக் காப்பி-பேஸ்ட் செய்வதைவிட, அந்த மேசையில் நடக்கும் வேலைக்கு ஒரே ஒரு பக்கம் மேல். அதில் வரம்பு எழுத்தில் இருக்கணும். படிப்பு முடித்துப் போகிறவர் தன் பாட்டில்களை ஒருவர் பெயருக்கு மாற்றாமல், இல்லை அகற்றாமல், சாவியைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று இருக்கணும். சோதனையில் கண்ட குறைக்கு ஒரு பெயரும் ஒரு கடைசித் தேதியும் இருக்கணும். இந்த மூன்றும் செலவு பிடிக்கும் விஷயங்கள் இல்லை.

"ஏஐ-கிட்ட கேட்டுக்கலாமே" என்று ஒருவர் நிச்சயம் எழுதுவார். நீண்ட தாளில் தேட, அம்மாவுக்குத் தமிழில் விளக்க, தாராளமா பயன்படுத்துங்க. ஆனா எந்தக் கையுறை, எந்த அளவு, எதோடு கலக்கலாம் என்பதை அந்தப் பொருளை விற்றவர் கொடுத்த தாளில் சரிபார்க்காமல் கை வைக்காதீங்க. ஒரே பெயரில் வெவ்வேறு செறிவில் பொருள் வரும். உங்க பாட்டில் திறந்த தேதி எந்த ஏஐ-க்கும் தெரியாது.

ஆய்வகத்தில் படிக்கிறவங்க, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. உங்க அலமாரியில் யாருடையது என்றே தெரியாத பாட்டில் ஒன்றைக் கண்டுபிடிங்க. திறக்காதீங்க, நகர்த்தாதீங்க. படம் எடுத்து ஆய்வகப் பொறுப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்க: "இது என்ன, எப்போது திறந்தது, யார் பொறுப்பு?" பதில் வர எத்தனை நாள் ஆச்சு என்று எனக்கும் எழுதுங்க. ஒரு பல்கலைக்கழகத்தின் ரசாயனத் தகவல் அமைப்பு எப்படி இருக்கு என்பதுக்கு அந்த நாள் கணக்கைவிட நல்ல மதிப்பெண் கிடையாது. நீங்க ஊழியரா, உதவித்தொகையில் இருக்கும் மாணவரா என்பது இங்கே முக்கியமில்லை. 2015-ஆம் வருஷ வேலையிடப் பாதுகாப்புச் சட்டம், தன் ஊழியர்கள் மட்டுமல்ல, தன் வேலையால் மற்றவர்களும் ஆபத்துக்கு ஆளாகாமல் பார்ப்பதையும் நிறுவனத்தின் கடமையாக வைக்குது. கேட்பது உங்க உரிமை.

ஆய்வகத்துக்கே போகாதவங்க, ஒரு எண்ணை மட்டும் போனில் சேமிங்க: 0800 764 766. தேசிய நச்சு மையம், டனீடினில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் இருக்கு, இரவு பகல் எந்நேரமும் எடுப்பாங்க. மூச்சுத் திணறலோ மயக்கமோ என்றால் முதலில் 111. அப்படியே கராஜுக்குப் போய் பெயரில்லாத பாட்டில்கள் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டு வாங்க.

ஃப்ரீசரில் இருக்கும் ஐஸ்கிரீம் டப்பாவை அம்மா பார்த்துக்குவாங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.