குழி மட்டும் பழையது

சென்ற ஜூன் 5-ஆம் தேதி, எங்கள் கருங்கல் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் மரம் நடு விழா. என்னையும் அழைத்திருந்தார்கள். பந்தல், ஒலிபெருக்கி, பொன்னாடை, எல்லாம் தடபுடல். நான் கன்றை இறக்கியபோது தோட்டக்காரர் காதோடு சொன்னார்: “போன வருசமும் இதே குழிதான், சாரே. கன்னுதான் புதுசு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குழிக்குப் பத்தடி தள்ளி, சென்ற ஆண்டு வரை ஓர் அயனி நின்றது. பலாவுக்குப் பங்காளி, கதவுக்கும் வள்ளத்துக்கும் பேர்போன மரம். வண்டிகள் நிறுத்த இடம் வேண்டுமென்று அதை வெட்டி விற்றார்கள். பிறகு நூறு கன்றுகளை நட்டு, ‘பசுமை வளாகம்’ என்று பலகையும் மாட்டிவிட்டார்கள். நானும் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு பிரசங்கம் செய்தேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

‘ஒன்றுக்கு நூறு வைத்தோமே!’ என்பார்கள். கணக்குச் சரிதான், நிழலைத்தான் காணோம். ஜூனில் நட்ட கன்றுக்கு மழையே தாய். மாசி, பங்குனி வெயிலில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். அப்போது பையன்களுக்குப் பரீட்சை, பிறகு விடுமுறை. தாகத்துக்கு விடுமுறை உண்டா?

சென்னைப் பக்கம் பாருங்கள். 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபோன சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில், எட்வர்ட் பார்ன்ஸ் என்ற ரசாயனப் பேராசிரியர் மரம் வளர்ப்பதை வாழ்க்கையாகவே கொண்டார். விழாவுக்கு நட்டவரல்லர். அங்கே பழைய புதர்க்காட்டிலும் ஒரு பகுதி பிழைத்திருக்கிறது. கிண்டியில் 1959-இல் ஐ.ஐ.டி. எழுந்ததும் காட்டு நிலத்தில்தான். அங்கே ஒரு மரமும் விழவில்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆயினும் இன்றும் அந்த வளாகத்தில் வெளிமான் உலவுகிறது. அதைக் காப்பது பலகையன்று. மிச்சம் விட்டுவைத்த காடு.

ஆகவே நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை இனிமேல் மேடையில் வாசிக்காதீர்கள். மூன்று கோடை தாண்டியவை எத்தனை, வெட்டாமல் விட்ட கிழ மரங்கள் எத்தனை என்று பேரேட்டில் எழுதி வாசலில் தொங்கவிடுங்கள்.

என்னை ஜூனில் அழைக்க வேண்டாம். பங்குனியில் அழையுங்கள். பொன்னாடை வேண்டாம், ஒரு குடம் கொடுங்கள், போதும்.